ஆன்லைன் கோர்ஸுக்குப் பணம் கட்டுறதுக்கு முன்னாடி இந்தக் கணக்கைப் போடுங்க



சில வருஷத்துக்கு முன்னாடி 24,000 ரூபாய்க்கு ஒரு டேட்டா அனலிட்டிக்ஸ் கோர்ஸ் வாங்கினேன். மாசம் 2,000 ரூபாய், 12 மாச இஎம்ஐ. மூணாவது வாரம் ஆபீஸ்ல வேலை கூடிடுச்சு. "அடுத்த வாரம் சேர்த்துப் பார்த்துக்கலாம்"னு விட்டேன், அப்புறம் அந்தப் பக்கமே போகல. ஆனா இஎம்ஐ மட்டும் 12 மாசமும் கரெக்டா போச்சு. நீங்களும் அப்படி மாட்டிக்கக் கூடாதுன்னுதான் இந்தப் பதிவு.

1. முதல்ல நேரக் கணக்கு

40 மணி நேர வீடியோன்னா, பயிற்சிக்கும் கிட்டத்தட்ட அதே நேரம் வேணும். மொத்தம் 80 மணி. வாரம் 5 மணி உங்களால முடியும்னா 16 வாரம், அதாவது 4 மாசம். மாசச் சந்தா 1,500 ரூபாய்னு வெச்சுக்கோங்க. 4 மாசத்துல முடிச்சா 6,000, எட்டு மாசம் இழுத்தா 12,000. கிடைக்கிற சர்டிஃபிகேட் ஒண்ணுதான்!

2. இலவசமா பழகுங்க

ஐஐடிகளும் ஐஐஎஸ்சியும் சேர்ந்து நடத்துற என்பிடெல் கோர்ஸ்களை ஸ்வயம் தளத்துல இலவசமாவே படிக்கலாம். சர்டிஃபிகேட் வேணும்னா மட்டும் கட்டணம் கட்டி, தேர்வு மையத்துக்கு நேர்ல போய் எழுதணும். வாரம் 5 மணி உங்களால ஒதுக்க முடியுதான்னு இதுல சோதிச்சுப் பாருங்க.

3. ஒரு வாரம் போனா எல்லாம் போகாது

12 வார என்பிடெல் கோர்ஸ்ல 12 அசைன்மென்ட்ல சிறந்த 8-ஐத்தான் மதிப்பெண்ணுக்கு எடுப்பாங்க. அதுக்கு 25 மார்க், தேர்வுக்கு 75 மார்க். அதாவது, சில வாரம் சறுக்கும்னு அவங்களே கணக்குல வெச்சிருக்காங்க. நான் செஞ்ச தப்பு இதுதான்: விட்டதை முடிச்சுட்டுத்தான் அடுத்ததுன்னு நினைச்சேன், பாக்கி மலை மாதிரி குவிஞ்சுடுச்சு. நீங்க இந்த வாரப் பாடத்துலயே திரும்பச் சேர்ந்துடுங்க. விட்டதை லீவு நாள்ல பார்த்துக்கலாம்.

4. பார்க்கிறது வேற, படிக்கிறது வேற

பத்து நிமிஷம் பார்த்ததும் வீடியோவை நிறுத்துங்க. நோட்டைப் பார்க்காம, புரிஞ்சதை நாலு வரி எழுதுங்க. எழுத வரலையா? அந்த இடம் இன்னும் புரியலன்னு அர்த்தம். எக்செல் படிக்கிறீங்கன்னா, அவங்க தர்ற ஃபைலோட நிறுத்தாம, உங்க போன மாசச் செலவையே போட்டு பிவட் டேபிள் செஞ்சு பாருங்க. பாடமும் மனசுல நிக்கும், பணம் எங்க போகுதுன்னும் தெரியும்.

5. இஎம்ஐன்னா அது கடன்

"நோ காஸ்ட் இஎம்ஐ"ன்னு சொன்னாலும், பெரும்பாலும் பின்னாடி ஒரு வங்கியோ நிதி நிறுவனமோ உங்க பேர்ல கடன் கொடுத்திருக்கும். படிப்பை நிறுத்தினா கடன் நிக்காது. தவணை தவறினா சிபில் ஸ்கோர் அடி வாங்கும். அதனால ரீஃபண்டு எத்தனை நாளைக்குன்னு படிச்சுட்டு, கையெழுத்துப் போடுங்க.

இப்ப என்ன செய்யணும்? காலெண்டர்ல வாரம் 5 மணியைக் குறிச்சு, இலவச கோர்ஸ் ஒண்ணை ரெண்டு வாரம் படிங்க. அது முடிஞ்சா தைரியமா பணம் கட்டுங்க. முடியலையா? உங்க 24,000 ரூபாய் மிச்சம்!