மரத்தடியில் மட்டையா, கூழாங்கல்லா?

வாசலில் ராயல் பாம், வரவேற்பறைத் தொட்டியில் அரிக்கா பாம், கொல்லையில் இரண்டு தென்னை. மூன்றும் ஒரே குடும்பம்தான் என்றாலும், அடியில் பரப்ப வேண்டியது மூன்றுக்கும் ஒன்றல்ல. மூட்டை மூட்டையாகக் கல் வாங்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

1. கொல்லைத் தென்னைக்குக் கூழாங்கல் வேண்டவே வேண்டாம். குரும்பை, பன்னாடை, பாளை என்று தினமும் ஏதாவது உதிரும். கல்லிடுக்கில் விழுந்ததை விளக்குமாறு எடுக்காது; குனிந்து பொறுக்க வேண்டியதுதான். தவிர, கல் மக்காது, மண்ணுக்கு ஒரு சத்தும் தராது. மரம் உதிர்ப்பதே மரத்துக்கு நல்ல மூடாக்கு. அதைக் குவித்துக் கொளுத்திவிட்டு, உரக்கடையில் போய்ப் பணம் கொடுப்பது என்ன கணக்கோ!

2. மரத்தைச் சுற்றி 6 அடி ஆரத்தில் வட்டப்பாத்தி எடுங்கள். தண்ணீரையும் உரத்தையும் உறிஞ்சும் வேர்களில் பெரும்பகுதி இந்த வட்டத்துக்குள்தான் இருக்கிறது. பாத்தி முழுக்க மூட 100 உரிமட்டை, அல்லது 15 காய்ந்த ஓலை, அல்லது 10 செ.மீ. உயரத்துக்கு நார்க்கழிவு போதும். வேளாண் பல்கலைக்கழகம் பரிந்துரைக்கும் அளவு இது. வீட்டில் நூறு மட்டை ஒரே நாளில் சேராது. தேங்காய் உரிக்க உரிக்கப் போட்டுவரலாம்.

3. மட்டையை எப்படி வைக்கிறோம் என்பது முக்கியம். மண்மேல் பரப்பும்போது குழிந்த பக்கம் கீழே, முதுகு மேலே இருக்க வேண்டும். நிமிர்த்திப் போட்டால் ஒவ்வொரு மட்டையும் ஒரு கிண்ணம். ஒரு மழை பெய்தால் போதும், டெங்குக் கொசுவுக்கு நூறு தொட்டில்கள் தயார். சுகாதாரப் பணியாளர் வந்து அபராதம் போட்டால் தென்னையைக் குற்றம் சொல்ல முடியாது. மட்டைக்கடியில் தேளும் பூரானும் தங்கும். வெறுங்கையால் புரட்டாதீர்கள், குச்சியால் தட்டிவிட்டு எடுங்கள்.

4. புதைப்பதென்றால் முறை நேர் எதிர். மரத்திலிருந்து 10 அடி தள்ளிப் பள்ளம் வெட்டி, குழிந்த பக்கம் மேலே பார்க்கும்படி அடுக்கி மண்ணால் மூட வேண்டும். மழைநீரை மட்டை குடித்துவைத்துக்கொண்டு வேருக்கு மெல்ல மெல்லக் கொடுக்கும். ஒருமுறை புதைத்தால் 5 முதல் 7 ஆண்டுகள் பலன் தரும். மதில் சுவரை ஒட்டிய மரமென்றால் இதற்கு இடம் போதாது; விட்டுவிடுங்கள்.

5. மக்காத நார்க்கழிவை மேலே பரப்பலாம். மண்ணோடு கொத்திக் கலக்கக் கூடாது. அதை மக்கவைக்கும் நுண்ணுயிர்கள் மண்ணிலுள்ள தழைச்சத்தை எடுத்துக்கொள்ள, மரம் வெளிறிப்போகும். சிப்பிக்காளான் வித்தும் யூரியாவும் சேர்த்து மக்கவைத்ததாக இருந்தால் தாராளமாகக் கலக்கலாம்.

6. மூடாக்கு போடத் தை மாதம் சரியான காலம். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, மண்ணில் ஈரம் இருக்கும்போதே மூடிவிட வேண்டும். காய்ந்த மண்ணின்மேல் போட்டால், அடுத்து வரும் சிறு தூறல் மட்டையோடு நின்றுவிடும். உரம் வைக்கும் நாளில் மூடாக்கை ஒதுக்கி, உரமிட்டு, தண்ணீர் பாய்ச்சிவிட்டு மறுபடி இழுத்து மூடுங்கள்.

7. தண்டை ஒட்டிக் குவிக்காதீர்கள். சுற்றிலும் அரை அடி வெறும் மண்ணாக இருக்கட்டும். கறையான் ஏறினால் கண்ணில் படும். தண்டும் சதா ஈரத்தில் ஊறாது.

8. மட்கிய குப்பையில்தான் காண்டாமிருக வண்டு முட்டையிடும். புது ஓலை விரியும்போது கத்தரியால் வெட்டியதுபோல் முக்கோண வடிவில் காணப்பட்டால், அது இந்த வண்டின் வேலை. அவ்வப்போது மூடாக்கின் அடியடுக்கைக் கிளறிப் பாருங்கள். வெள்ளையாக, கொழுத்து, வளைந்து கிடக்கும் புழுக்களைப் பொறுக்கி அழியுங்கள். எருக்குழி இருந்தால் அதையும் சேர்த்துக் கிளறுங்கள். பச்சை மஸ்கார்டைன் பூஞ்சையைக் குழியில் கலந்துவிட்டால் புழுக்கள் நோய் கண்டு சாகும்.

9. இப்போது கூழாங்கல்லுக்கு வருவோம். புல்தரையில் நிற்கும் ராயல் பாம், பாக்ஸ்டெயில் பாம், பாட்டில் பாம் ஆகியவற்றுக்கு அது உண்மையிலேயே உதவும். மா, வேம்பு போன்ற மரங்களில் பட்டை உரிந்தால் நாளடைவில் மூடிக்கொள்ளும். பாம் வகைகளுக்கு அந்தத் திறன் கிடையாது. தண்டில் பட்ட காயம் ஆயுளுக்கும் அப்படியே இருக்கும், பூஞ்சைக்கும் வண்டுக்கும் வாசலாகும். புல்வெட்டும் இயந்திரத்தின் நைலான் கயிறு அடிமரத்தில் படாமல் இருக்கவே இந்தக் கல் வட்டம். அழகு அதற்குப் பிறகுதான்.

10. எவ்வளவு கல் வேண்டும்? 3 அடி ஆரம், 2 அங்குல உயரம் என்றால் ஏறக்குறைய 200 கிலோ, அதாவது 25 கிலோ மூட்டை எட்டு. கடைக்காரரிடம் விலை கேட்பதற்கு முன் இந்தக் கணக்கைப் போட்டுக்கொள்ளுங்கள். இரண்டடியாகக் குறைத்தால் பாதிக்கும் குறைவாகவே செலவாகும்.

11. மார்பிள் சில்லு, சுண்ணாம்புக்கல் வேண்டாம். கரைந்து கரைந்து மண்ணின் காரத்தன்மையைக் கூட்டும். அப்படியான மண்ணில் இரும்பும் மாங்கனீசும் இருந்தும் வேருக்குக் கிடைக்காது. புதுக் குருத்து மஞ்சளாகவும் சுருண்டும் வரும். ஏற்கெனவே உப்புத் தண்ணீர் போர்வெல் உள்ள வீடுகளில் இன்னும் மோசம். கூழாங்கல், கருங்கல் ஜல்லி எனில் பயமில்லை. ஆனால் கறுப்புக் கல் மேற்கு வெயிலில் கொதிக்கும். இளங்கன்றுக்கு அது ஆகாது.

12. கல்லுக்கடியில் பாலிதீன் விரிக்காதீர்கள். மழை இறங்காது, வேர் மூச்சுத் திணறும். நீர் இறங்கக்கூடிய களைத்தடுப்பு விரிப்பு கிடைக்கிறது. எதை விரித்தாலும் கோரை குத்திக்கொண்டு வெளியே வரும். முதலில் கிழங்கோடு தோண்டி எடுத்துவிட்டு விரியுங்கள்.

13. தொட்டிச் செடிக்கு ஒரு விரல் தடிமனில் சிறு கல் போதும். தண்ணீர் ஊற்றும்போது மண் தெறிக்காது, பூனையும் கிளறாது. ஆனால் கல் மேலே காய்ந்திருக்கும், அடியில் சகதியாக இருக்கும். அரிக்கா பாம் வாடினால் தண்ணீர் ஊற்ற ஓடாமல், கல்லை விலக்கி விரலை மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். பெரும்பாலும் அது அளவுக்கு மீறிக் குடித்துத்தான் வாடியிருக்கும்.

14. கூழாங்கல்லில் வெள்ளைப் பூச்சு படிந்தால் அது தண்ணீரிலுள்ள உப்பு. கற்களை அள்ளி, பழைய புளிக்கரைசலில் ஓர் இரவு ஊறவைத்துத் தேய்த்துக் கழுவுங்கள். கழுவிய தண்ணீரைத் தொட்டியில் ஊற்ற வேண்டாம். மேல்மண்ணிலும் வெள்ளை படர்ந்திருந்தால் ஓர் அங்குலம் சுரண்டி எடுத்துவிட்டு, புது மண் போட்ட பிறகு கல்லைப் பரப்புங்கள்.