பழைய ஊர்திகளுக்கு ஓர் உறையுள்

தேரோடும் ஊர்களிற் பிறந்தோர்க்குத் தேர்நிலை புதிதன்று. விழா முடிந்தபின் தேரை நிலைக்குக் கொணர்ந்து நிறுத்திப் பனையோலையாலோ தென்னங்கீற்றாலோ மூடிவைத்தல் பண்டைய வழக்கம். கீற்று வெயிலைத் தடுக்கும், மழையை வழியவிடும், காற்றைமட்டும் தடையின்றி உட்புகவிடும். மரத்தாலாகிய தேருக்கு அதுவே ஏற்றதாகும். கனத்த இரும்பாலாகிய பொறியும் ஒருவாறு வெட்டவெளியைத் தாங்கும். 1855ஆம் ஆண்டு இங்கிலாந்து தேயத்து லீட்ஸ் நகரிற் செய்யப்பட்டு வங்கத்திற்கு வந்த 'ஃபேரி குவீன்' என்னும் நீராவிப்பொறி, 1909ஆம் ஆண்டு ஓய்வுபெற்றபின் ஏறத்தாழ 34 ஆண்டுகள் ஹௌரா நிலையத்தின் வெளியே மேடைமீது நின்றது. அங்ஙனம் நின்றும் 1997இல் அது மீண்டும் தண்டவாளத்தில் ஓடிற்று. ஆனால் பழைய மோட்டார் வண்டி தேருமன்று, இருப்புப்பாதைப் பொறியுமன்று. அதற்கு உறையுள் அமைத்தல் தனியொரு கலையாகும். கோயம்புத்தூரில் 2015ஆம் ஆண்டு கார்களுக்கென ஓர் அருங்காட்சியகம் திறக்கப்பட்டிருத்தலின் இப்பொருள் நமக்கு அயலானதுமன்று.

இத்துறையில் பலரும் அறிந்தது இங்கிலாந்தின் தென்பகுதியிலுள்ள பியூலி என்னும் ஊர்க் காட்சியகமாகும். மாண்டேகு பிரபு என்பார், மோட்டார் வண்டிகள் தோன்றிய காலத்தே அவற்றிற்காகப் பரிந்து பேசிய தம் தந்தையாரின் நினைவாக, 1952ஆம் ஆண்டு ஐந்து பழைய வண்டிகளைத் தம் மாளிகையின் முன்கூடத்திலேயே நிறுத்திப் பொதுமக்கட்குக் காட்டினார். மக்கள் திரண்டனர், வண்டிகளும் பெருகின. கூடம் போதாமையால் அவை தோட்டத்திலமைந்த மரக்கொட்டகைகளுக்குச் சென்றன. லெனர்ட் மனாஸே என்னும் கட்டடக்கலைஞர் பங்குகொண்டு வகுத்த இன்றைய பெருங்கட்டடம் திறக்கப்பட்டது 1972இல் ஆகும். அதற்குள் காட்சிப்பொருள்கள் முந்நூற்றைக் கடந்துவிட்டன. வண்டிகள் வந்து இருபதாண்டு கழித்தே அவற்றிற்குத் தக்க வீடு வாய்த்தது என்பதனை நாம் கருதவேண்டும். சேர்ப்போர் பலரும் இவ்வாறே முதலில் வண்டியை வாங்கி, பின்னரே அதனை எங்கே நிறுத்துவதென எண்ணுகின்றனர். செல்வர்க்கு இது பெருங்கேடன்று போலும். வண்டிக்கோ இது கேடேயாகும்.

என்னை? பழைய மோட்டார் வண்டியின் உடலை உற்றுநோக்குக. அடிச்சட்டம் எஃகு; மேற்கூட்டின் எலும்புபோல்வது பெரும்பாலும் 'ஆஷ்' என்னும் மரம்; அதன்மேற் போர்த்தது மெல்லிய அலுமினியத் தகடு அல்லது எஃகுத் தகடு; இருக்கை தோல்; சக்கரத்தைச் சூழ்ந்தது ரப்பர். இவற்றுள் ஒன்றன் நலம் மற்றொன்றற்கு ஊறு. காற்றில் ஈரம் மிகுந்தால் இரும்பு துருவேறும். காற்றுத் தாங்கவல்ல ஈரத்தின் முழு அளவை 100 என்று கொண்டால், அதில் 60ஐக் கடந்தபின் துரு விரைவுறும் என்பர். ஈரத்தை அறவே நீக்கிவிடுவோமெனின் மரம் சுருங்கிப் பொருத்துவாய்கள் பிளக்கும், தோல் வெடிக்கும். 40க்குக் கீழே இத்தீங்கு தொடங்கும். ஆதலின் ஏறத்தாழ 50 என்னும் நடுநிலையில் ஆண்டுமுழுவதும் காற்றை நிறுத்தவல்ல வீடே வேண்டப்படுவது. மழை ஒழுகாத கூரை ஒன்றே போதுமென்பார் இவ்வேறுபாட்டை உணர்ந்தாரல்லர்.

கண்ணுக்குப் புலனாகும் மழையினும் புலனாகாத நீராவியே கொடியது. ஒரு கனமீட்டர்க் காற்று 30 பாகை வெப்பத்தில் ஏறத்தாழ 30 கிராம் நீரைத் தாங்கும். 20 பாகையில் 17 கிராமே தாங்கும். நம் கடற்கரையூர்களில் 30 பாகை வெப்பமும் நூற்றுக்கு எழுபது ஈரமும் உடைய காற்றில் 21 கிராம் நீர் இருக்கின்றது. இரவெல்லாம் குளிர்ந்து 23 பாகைக்கு வந்துவிட்ட எஞ்சினின்மேல் அக்காற்றுப் படுமாயின், தாங்கமுடியாத மிகுதி நீர் முத்துமுத்தாக இரும்பின்மேற் படியும். "காற்றோட்டம் நல்லது" என்று காலையிற் கதவுகளை அகலத் திறந்துவைக்கும் காவலாளன், தான் நன்மை செய்வதாகவே நினைக்கின்றான்! மக்கள் வாழும் வீட்டிற்குரிய அறத்தை இரும்பு வாழும் வீட்டிற்கு ஏற்றியதால் வந்த பிழை இது. வெறுந்தகரக் கூரையும் இத்தன்மைத்தே. இரவில் வானம் தெளிந்திருப்பின் தகரம் காற்றினும் குளிர்ந்து, அதன் உட்புறத்தில் நீர் துளித்து, கீழே நிற்கும் வண்டியின்மேற் சொட்டும். வானம் பெய்யாதிருக்கக் கூரை பெய்யும். இதனைத் தவிர்க்கத் தகரத்தின் அடியில் வெப்பந்தடுக்கும் படுகை ஒன்று வேண்டும்.

இனித் தரை. கட்டுவோர் பொறுமையிழப்பது இங்கேதான். மண்ணின் ஈரம் கான்கிரீட்டின் நுண்துளைகள் வழியே மேலேறும். ஆதலின் தளமிடுமுன் கனத்த பாலித்தீன் தாளை இடையறாது விரித்தல் வேண்டும். அதுவுமன்றிப் புதுத்தளம் தன்னகத்தே கொண்ட நீர் வற்றுதற்கு ஓர் அங்குல கனத்திற்கு ஒரு மாதம் என்பது கொத்தர்தம் பொதுக்கணக்கு. ஆறங்குலத் தளமாயின் அரையாண்டு. திறப்புவிழா நாளைக் குறித்துவிட்டுத் தளமிடுவோர்க்கு அந்த அரையாண்டு எங்ஙனம் வாய்க்கும்? ஈரத்தளத்தின்மேல் வண்டிகளை நிறுத்திக் கதவையும் அடைத்துவிடின், வெளியில் நின்ற நாளினும் விரைவாக அவை கெடும்.

தளம் உலர்ந்தபின் சுவர்க்கும் கதவிற்கும் இடையேயுள்ள சந்துகளை அடைத்து, ஈரமுறிஞ்சும் பொறியொன்றை வைத்தல் இக்காலத்து முறையாம். கட்டடம் எவ்வளவு இறுக்கமோ அவ்வளவு சிறிய பொறியே போதும், மின்செலவும் குறையும். ஆயினும் ஒன்று: பெட்ரோலின் ஆவி காற்றினும் மூன்று நான்கு மடங்கு கனமுடையது, தரையோரமாகத் தவழ்ந்து பள்ளத்தில் தேங்கும். பழுதுபார்க்கும் குழியை வண்டிகள் நிற்கும் கூடத்திலேயே வெட்டுதல் அதற்குத் தொட்டி கட்டிக்கொடுத்தலேயாகும். அக்குழியும் பட்டறையும் வேறு சுவர்க்கு அப்பால் இருத்தல் நன்று.

வெயில் படிந்தால் ரப்பரும் தோலும் நொய்யுமாதலின் பலகணிகள் வேண்டா. எலிக்கு மின்கம்பியும் பஞ்சும் விருந்து. விரலளவுப் புழையும் விடலாகாது. வண்டிமேற் போர்க்கும் உறை ஈரத்தைச் சிறைப்படுத்தும் பிளாஸ்டிக்காக இராமல் பருத்தித் துணியாதல் வேண்டும்.

இவையெல்லாம் மெல்லக் கெடுக்கும் பகைகள். நெருப்போ ஒரே மாலையில் முடித்துவிடும். 2003ஆம் ஆண்டு செப்டம்பரில் இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரையடுத்த தேசிய மோட்டார் சைக்கிள் காட்சியகத்தில், யாரோ எறிந்த ஒரு சிகரெட்டுத் துண்டினால் தீப்பற்றி, ஐந்து கூடங்களுள் மூன்று எரிந்தன. ஏறத்தாழ 380 பழைய வண்டிகள் அழிந்தன. கூரையிலிருந்து தானே நீர் தெளிக்கும் குழாய்கள் அன்று அங்கே இல்லை. ஆங்கே ஒரு கூட்டத்திற்கு வந்திருந்தோர் ஓடிவந்து கைகொடுத்தமையால் வேறு பல வண்டிகள் வெளியே உருட்டப்பட்டுத் தப்பின. அக்காட்சியகம் 2004இல் தெளிகுழாய்களோடு மீண்டும் திறக்கப்பட்டது.

சைக்கிளை ஒருவர் உருட்டலாம். ஒன்றரை டன் எடையுள்ள காரை என் செய்வது? இதற்கு விடை கட்டடத்தின் வரைபடத்திலேயே இருக்கவேண்டும். ஒன்றன்பின் ஒன்றாக மூன்று நான்கு வரிசை நிறுத்தாமல், ஒவ்வொரு வண்டியும் தன் முன்னுள்ள நடைவழிக்கு நேரே வருமாறு வைத்தலும், தளத்தைக் கதவை நோக்கி மிகச் சிறிது சாய்த்தலும், இரு முனையிலும் வெளிப்புறமாகத் திறக்கும் அகன்ற கதவமைத்தலும் செலவு மிகாதன. கைப்பிரேக்கை இறுக்கிப் பூட்டிவையாமல் சக்கரத்தடியில் ஒரு கட்டையை வைத்தால், தீ நேர்ந்தபோது அக்கட்டையை உதைத்துத் தள்ளி, நால்வர் கூடி வண்டியை முற்றத்திற்குக் கொண்டுவந்துவிடலாம்.