காலுக்கும் வேணும் காய்ச்சலும் பாய்ச்சலும்

தங்கச்சி, தீபாவளிக்கு முன்னாடி நாகப்பட்டினம் போய் பெடிக்யூர் பண்ணிட்டு, கீழ்வேளூர்ல பஸ்ஸை விட்டு இறங்கினதுமே காலை நீட்டிக் காட்டினியே, ஞாபகம் இருக்கா? மார்கழிப் பனி இறங்குச்சு, குதிகால் மறுபடி வெடிச்சுப் புடவை நூலை இழுக்குது. பார்லர்ல பண்றது ரெண்டு மாசத்துக்கு ஒரு நாள். மீதி 59 நாளும் காலு நம்ம கையிலதான்.

நம்ம ஊருக் காலுக்கு வியாதி ரெண்டு. குதிகால்ல பித்தவெடிப்பு, விரலிடுக்குல சேத்துப்புண்ணு. ஒண்ணு காய்ஞ்சு வர்றது, இன்னொண்ணு ஊறி வர்றது. ரெண்டுக்கும் ஒரே எண்ணெயைத் தடவுறோம் பாரு, அங்கதான் கெட்டுப்போகுது. அப்பா வயலுக்குக் காய்ச்சலும் பாய்ச்சலுமா தண்ணி கட்டுவாரே, அந்தக் கணக்குதான். குதிகாலுக்குப் பாய்ச்சல், விரலிடுக்குக்குக் காய்ச்சல்.

உள்ளங்கால் தோல்ல எண்ணெய்ச் சுரப்பியே கிடையாது, வேர்வை மட்டும்தான். அதனாலதான் அது இவ்வளவு சீக்கிரம் காயுது. ராத்திரி வேலையெல்லாம் முடிச்சுட்டு, வெதுவெதுப்பான தண்ணியில 10 நிமிஷம் காலை வை. சீரியல் முடியற வரைக்கும் ஊறவெச்சா தோல் இன்னும் வறண்டுதான் போகும். பீர்க்கங்காய் நாரோ பியூமிஸ் கல்லோ வெச்சு லேசா தேய், வாரம் ரெண்டு தடவை போதும். பிளேடைத் தொடவே தொடாதே. ஒரு பார்லர்ல எனக்கு பிளேடால சுரண்டி விட்டாங்க, மூணு நாள் குதிகாலை ஊன முடியாம நுனிக்கால்ல நடந்தேன். தொடைச்ச கையோட, ஈரம் காயறதுக்குள்ள வாசலினோ விளக்கெண்ணெயோ தடவி, பழைய சாக்ஸை மாட்டிட்டுப் படு. பிளவு ஆழமா இருந்தா மெடிக்கல்ல யூரியா கலந்த க்ரீம் கேளு. ஆமா, வயலுக்குப் போடற அதே யூரியாதான், அதுக்காக அப்பாவோட மூட்டையைப் பிரிச்சுடாதே.

இப்ப மெட்டியைக் கழட்டிப் பாரு. அடியில வெள்ளையா ஊறின தோலு, லேசா ஒரு புளிச்ச வாடை, இருக்கா? குளிச்சுட்டு வந்ததும் பழைய வேட்டித் துணியால ஒவ்வொரு இடுக்கா ஒத்தி எடு. எண்ணெய் அங்க ஒரு சொட்டுகூட வேண்டாம். நடவு நாள்ல அம்மா மருதாணியும் மஞ்சளும் அரைச்சு வெப்பாங்க, அவங்க பழக்கம் அது. அரிச்சு, தோல் உரிஞ்சா அது பெரும்பாலும் பூஞ்சைதான். க்ளோட்ரிமசோல் க்ரீம் தடவு, அரிப்பு நின்னதும் நிறுத்தாம இன்னும் ரெண்டு வாரம் தடவணும். கடைக்காரர் கையில கெடைச்ச ட்யூபைத் தூக்கிக் கொடுத்தா, ஸ்டீராய்டு கலந்ததான்னு கேட்டுட்டு வாங்கு. அது நாலு நாள்ல அடங்கின மாதிரி காட்டிட்டு அப்புறம் பரவ விட்டுடும். புண்ணு இருக்கறப்ப தெருத் தண்ணியில வெறுங்காலோட இறங்காதே. எலிக்காய்ச்சல் நுழையற வழி அதுதான்.

நகத்தை நேரா வெட்டு. ஓரத்தைக் குடைஞ்சா சதைக்குள்ள வளரும்.

இதெல்லாம் உனக்கு. அத்தைக்குச் சக்கரை இருக்கு, அவங்க காலை ஊறவெக்கவே வேண்டாம். சூடு அவங்களுக்குத் தெரியாது, தோல் வெந்த பிறகுதான் நமக்கே தெரியும். சித்திரையில உச்சி வெயில்ல கோயில் பிரகாரம் சுத்தவும் விடாதே, காலையிலேயே கூட்டிட்டுப் போயிடு. தினமும் ராத்திரி அவங்க உள்ளங்காலை நீயே டார்ச் அடிச்சுப் பாரு. சின்னக் கொப்புளம் இருந்தாலும் கைவைத்தியம் பண்ணாம டாக்டர்கிட்ட காட்டு.

அடுத்த வாரம் வர்றப்ப பியூமிஸ் கல்லு ஒண்ணு வாங்கிட்டு வா. என்னோடதை உங்க அத்தான் சைக்கிள் ரிம் தேய்க்க எடுத்துட்டுப் போனவர்தான், இன்னும் திருப்பித் தரல.