தொட்டிக் கெளுத்தியும் ஏரிக் கெளுத்தியும்

செங்கற்பட்டை ஏரிகளின் மாவட்டம் என்று வழங்குவது வெறும் புகழ்ச்சி அன்று. பாலாறு ஆண்டின் பெரும்பகுதியும் மணலாகவே கிடக்கும். பயிருக்கு நீர் தருவன நம் முன்னோர் கரை கட்டி வைத்த ஏரிகளே. பெரிய மதுராந்தகம் ஏரி முதல் சிற்றூர்த் தாங்கல் வரை இவை தனித்தனியே நிற்பன அல்ல. மேல் ஏரி நிரம்பினால் கலங்கல் வழியே வழிந்து கீழ் ஏரிக்குச் செல்லும். அதுவும் நிரம்பினால் அதற்கும் கீழே உள்ளதற்குச் செல்லும். கடைசியில் கடலோரத்து உப்பங்கழியைச் சேரும்.

பயிர் செய்யும் அங்கத்தினருக்கு ஏரி பாசன மூலம். மீன்பாசிக் குத்தகை எடுத்தவருக்கு அதுவே பிழைப்பு. நெசவு செய்யும் அங்கத்தினரோ, “எங்கள் வீட்டில் இருப்பது குழந்தைகள் ஆசைக்கு வாங்கிய கண்ணாடித் தொட்டி ஒன்றுதான், ஏரி மீனைப் பற்றிய பாடம் எங்களுக்கு எதற்கு?” என்று கேட்கக்கூடும். அத்தொட்டியிலிருந்தே ஏரிக்கு ஒரு கேடு வரக்கூடும் என்பதால்தான் இப்பாடம் இரு சாராருக்கும் உரியதாகிறது.

கெளுத்தி இனத்தின் பொது இலக்கணம்

உலகில் கெளுத்தி இனத்தைச் சேர்ந்த மீன் வகைகள் 3000-க்கும் மேல் உள்ளன. இவற்றுள் பெரும்பாலானவற்றுக்குச் செதில் கிடையாது. தோல் வழுவழுப்பாக இருக்கும். வாயைச் சுற்றி மீசை போன்ற தொடுவுறுப்புகள் உண்டு. இந்த மீசை அழகுக்கு ஏற்பட்டதன்று. அதில் சுவையறியும் நுண்ணுறுப்புகள் நிறைந்திருக்கின்றன. கலங்கிய நீரிலும் நள்ளிரவிலும் கண்ணால் காண இயலாத இரையை இவை மீசையால் தடவி அறிந்து உண்ணும்.

பலவற்றுக்கு முதுகிலும் இரு பக்கத்துச் செட்டைகளிலும் வலிய முட்கள் உண்டு. அவற்றை விரித்து நிறுத்திப் பூட்டிக்கொள்ளவும் இவற்றால் முடியும். அவ்வாறு பூட்டிய மீனை விழுங்க வந்த பறவையும் பாம்பும் திண்டாடும். வலையிலிருந்து எடுப்பவர் கையும் புண்படும்.

நம் ஏரிகளில் உள்ளவை

முதலாவது, நாட்டுக் கெளுத்தி. இது சாண் அளவுக்கு உட்பட்டது. நான்கு இணை மீசை, முதுகில் ஒரு முள், அதற்குப் பின்னால் கொழுப்புத் துடுப்பு என்னும் சதைப்பற்றான சிறு துடுப்பு, ஆழமாகப் பிளந்த வால் ஆகியவை இதன் அடையாளங்கள். உடலில் நீளவாட்டில் கோடுகள் ஓடும் வகையை 1794-ஆம் ஆண்டிலேயே ஜெர்மானிய அறிஞர் பிளாக் என்பவர் நூலில் விவரித்தார். அவருக்கு அம்மீன் கிடைத்தது நம் தரங்கம்பாடியிலிருந்து.

இரண்டாவது, தேளி. உடல் பக்கவாட்டில் தட்டையாகவும் கருஞ்சிவப்பாகவும் இருக்கும். முதுகுத் துடுப்பு மிகச் சிறியது. அதில் முள் இல்லை. பக்கச் செட்டையின் முள்ளிலோ கடுமையான நஞ்சு உண்டு. தேள் கொட்டினாற்போலக் கடுக்கும். இம்மீனையும் தரங்கம்பாடியிலிருந்து பெற்று அதே 1794-இல் பிளாக் விவரித்தார். அவர் வைத்த லத்தீன் பெயருக்கு ‘தோண்டி எடுக்கப்பட்டது’ என்பது பொருள். கோடையில் வற்றிய ஏரியின் சேற்றைத் தோண்டித் தேளி எடுத்தவர்களுக்கு அப்பெயரின் பொருத்தம் சொல்லாமலே விளங்கும். செவுள் அறையிலிருந்து முதுகுப்புறமாகப் பின்னோக்கி ஓடும் இரு காற்றுப்பைகள் இதற்கு உண்டு. அவற்றால் வெளிக்காற்றைச் சுவாசித்துச் சேற்றிலும் உயிர் வாழும்.

மூன்றாவது, மசறை எனப்படும் நடைக்கெளுத்தி. தலைக்குப் பின்னிருந்து வால் வரை நீண்ட முதுகுத் துடுப்பு இதன் அடையாளம். செவுளின் மேல் மரக்கிளை போன்ற ஓர் உறுப்பு இருக்கிறது. அதன் துணையால் காற்றைச் சுவாசிக்கும். மழை இரவில் செட்டை முள்ளை ஊன்றி ஈரத்தரையில் ஊர்ந்து செல்லவும் வல்லது. முற்காலத்தில் மிகுதியாகக் கிடைத்த இம்மீன் இன்று அழியும் அபாயத்திலுள்ள இனங்களின் உலகப் பட்டியலில் இடம் பெற்றுள்ளது.

நான்காவது, வாளை. அகன்ற வாய், இரண்டே இணை மீசை, முள்ளற்ற சிறு முதுகுத் துடுப்பு, அடிவயிற்றிலிருந்து வால் வரை நீண்ட அடித்துடுப்பு ஆகியவற்றால் இதை அறியலாம். பிற மீன்களைத் தின்று பெரிதாக வளரும்.

மசறையோடு மயங்கத்தக்க வேற்று நாட்டு மீன் ஒன்றும் உண்டு. அது ஆப்பிரிக்கக் கெளுத்தி. நம் மசறை பெரும்பாலும் ஓர் அடி, ஒன்றரை அடியோடு நின்றுவிடும். ஆப்பிரிக்கக் கெளுத்தியோ ஒரு மீட்டருக்கு மேலும் வளரும். தலை நீண்டு தட்டையாக இருக்கும். சாம்பல் நிற உடலில் பளிங்குக் கல்லில் காண்பது போன்ற திட்டுகள் இருக்கும். அகப்பட்ட உயிர் அனைத்தையும் தின்பதால், இதன் வளர்ப்பை மத்திய அரசு 2000-ஆம் ஆண்டில் தடை செய்தது. ‘விரைவில் பெருக்கும்’ என்று எவரேனும் இதன் குஞ்சுகளை விற்க வந்தால் அங்கத்தினர் வாங்கலாகாது.

கடற்கரைக் கெளுத்திகள்

இவ்வினம் நன்னீரோடு நிற்பதன்று. கோவளத்திலும் மாமல்லபுரத்திலும் வலை இழுப்பவர்கள் கடற்கெளுத்தியை நன்கு அறிவர். அதன் இனப்பெருக்கம் வியப்புக்குரியது. பெண் மீன் கோலிக்குண்டு போன்ற பெரிய முட்டைகளைச் சிலவாகவே இடும். ஆண் மீன் அவற்றைத் தன் வாயில் வாங்கிக்கொண்டு, குஞ்சு பொரித்து நீந்தும் வரை வாரக்கணக்கில் இரையுண்ணாமல் காக்கும். ஆதலால் வாயில் முட்டை வைத்திருக்கும் ஒரு மீனைப் பிடித்தால் ஒரு குடும்பமே போயிற்று என்று கொள்ளலாம்.

இருங்கெளுத்தி என்னும் வகையும் கடலிலும் கழிமுகத்திலும் உண்டு. அதற்கு வால் பிளந்திராது. விலாங்கின் வால்போல் குவிந்து முடியும். அதன் முள் நஞ்சுடையது.

தொட்டியில் வரும் கெளுத்தி

இனி, கண்ணாடித் தொட்டிக்கு வருவோம். சென்னைக் கொளத்தூர் வண்ண மீன் உற்பத்திக்கும் வியாபாரத்துக்கும் பெயர் பெற்ற இடம். அங்கிருந்து பல ஊர்க் கடைகளுக்கும் மீன்கள் செல்கின்றன. அவற்றுள் ‘சக்கர்’ என்றும் ‘டேங்க் கிளீனர்’ என்றும் விற்கப்படுவது தென்னமெரிக்காவின் கவசக் கெளுத்தி. விரல் நீளக் குஞ்சாகவே வீட்டுக்கு வரும்.

இதை அடையாளம் காண்பது எளிது. மற்றக் கெளுத்திகளுக்கு வெறும் தோல் என்றோம். இதற்கோ உடல் முழுவதும் எலும்புத் தகடுகள் வரிசை வரிசையாகக் கவசம்போல் மூடியிருக்கும். வாய் முகத்தின் முன்னே இராது. அடிப்புறத்தில் வட்டமாக அமைந்து கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும். முதுகுத் துடுப்பு பாய்மரம்போல் விரியும். இவ்வினத்துக்குள்ளும் வேறுபாடு உண்டு. நெசவாளர் இழையை எண்ணித் துணியின் தரத்தைச் சொல்வது போல, முன் முள்ளை விடுத்து முதுகுத் துடுப்பின் கதிர்களை எண்ணுக. பத்தும் அதற்கு மேலும் இருந்தால் அது பாய்த்துடுப்பு வகை. ஏழு அளவில் இருந்தால் அதன் உறவினமான வேறு வகை. நம் நாட்டு நீர்நிலைகளில் பரவியிருப்பது பாய்த்துடுப்பு வகையே. அதிலும் வயிற்றில் தனித்தனிப் புள்ளி உள்ளது ஒன்று. புள்ளிகள் இணைந்து புழு நெளிந்தாற்போல் கோலமிட்டது மற்றொன்று.

‘தொட்டியைத் துடைக்கும் மீன்’ என்ற பெயரை நம்பி ஏமாறுதல் கூடாது. இளமையில் இது கண்ணாடியிலுள்ள பாசியைச் சுரண்டித் தின்னும் என்பது உண்மை. ஆனால் மற்ற மீன்களின் கழிவைத் தின்று நீரைத் தூய்மையாக்கும் என்பது பொய். பெரிய உடலுடைய இதுவே மிகுந்த கழிவை வெளியிடும். மேலும் இது ஒன்றரை அடிக்குக் குறையாமல் வளரக்கூடியது. இரண்டடித் தொட்டியில் அது திரும்பவும் இடமிராது. அப்போதுதான் வீட்டார், “உயிரைக் கொல்ல மனமில்லை” என்று பக்கத்து ஏரியில் விட்டு வருகின்றனர். எண்ணம் நல்லதே, விளைவோ தீயது.

ஏரியில் நேர்வது என்ன?

இம்மீனுக்கு வயிறே இரண்டாவது சுவாச உறுப்பு. நீரில் பிராணவாயு குறைந்தால் மேலே வந்து காற்றை விழுங்கி உயிர் வாழும். கரையில் எறிந்தாலும் ஈரம் இருந்தால் பல மணி நேரம் சாவதில்லை. சாக்கடை கலந்த நீரும் இதற்கு ஏற்கும். கழிமுகத்தின் இளம் உப்பு நீரையும் ஓரளவு தாங்கும்.

முட்டையிடும் பருவத்தில் ஆண் மீன் கரைச் சரிவின் களிமண்ணைக் குடைந்து ஒரு மீட்டர் ஆழமும் அதற்கு மேலும் வளை தோண்டும். பெண் மீன் அதனுள் நூற்றுக்கணக்கில் முட்டையிடும். மூவாயிரம் வரை இடுவதும் உண்டு. ஆண் வளையிலிருந்து காவல் காக்கும். கல் பதியாத மண்கரையில் இவ்வாறான வளைகள் அடுத்தடுத்துப் பெருகினால் மண் சரியும். எலி வளை ஒன்று வரப்பை என்ன செய்யும் என்பதை அறிந்த உழவருக்கு இதை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

மீன் பிடிப்பவருக்கு நேரும் நஷ்டம் வேறு. முள்ளும் கவசமும் வலையில் மாட்டினால் கண்ணிகள் அறுபடும். வலை கனக்கும், விலைபோகும் மீனோ குறையும். மெக்ஸிகோ நாட்டின் இன்பியெர்நீயோ அணை ஒரு காலத்தில் திலேப்பியா மீனுக்குப் பேர்போனது. அங்கு இக்கவச மீன் பெருகியபின் வலையில் விழுவதில் பெரும்பங்கு இதுவே ஆயிற்று. மீனவர் தொழில் சீர்குலைந்தது. போர்ட்டோ ரிக்கோ தீவில் இதை விழுங்க முயன்ற கூழைக்கடாப் பறவைகள் தொண்டையில் முள் சிக்கி மடிந்தன. நம் வேடந்தாங்கலுக்கும் கரிக்கிலிக்கும் கூழைக்கடாக்கள் வருகின்றன. அவ்விரு சரணாலயங்களும் 2022-இல் ராம்சார் என்னும் உலக ஈரநிலப் பட்டியலில் சேர்க்கப்பட்டவை என்பதும் நினைவிற்குரியது.

ஒரே மீனை விட்டால் என்ன கேடு என்று எண்ணலாம். நம் ஏரிகள் சங்கிலித் தொடர்போல் அமைந்தவை என்பதை மறவாதிருப்போம். 2015-ஆம் ஆண்டு நவம்பர், டிசம்பர் மாதங்களில் பெய்த பெருமழையில் ஏரிகள் பல நிரம்பி வழிந்து வயலும் தெருவும் ஒரே வெள்ளக்காடாயின. அத்தகைய நாளில் மேல் ஏரி மீனுக்குக் கீழ் ஏரி தூரமன்று. ஓர் ஊரார் செய்த பிழை பத்து ஊருக்குப் பரவ ஒரு பருவமழை போதும்.

நாம் செய்ய வேண்டுவன

1. வாங்குமுன் மீனின் முழு வளர்ச்சி எவ்வளவு என்று கடைக்காரரைக் கேட்டறிக. இடமில்லையேல் வாங்கற்க.

2. வளர்க்க இயலாத மீனைக் கடையிலோ வேறு வளர்ப்பவரிடமோ ஒப்படைக்க. ஏரி, குளம், கிணறு, வாய்க்கால் எதிலும் விடலாகாது. தொட்டி நீரையும் வாய்க்காலில் கொட்டாமல் செடிக்கு ஊற்றுக.

3. வண்ண மீனைப் பிழைப்பாக வளர்க்கும் அங்கத்தினர், மழை வெள்ளம் புகாத மேட்டில் தொட்டி அமைத்து, நீர் வெளியேறும் வாயில் நுண்வலை கட்டுக.

4. ஏரியில் வலைக்கு அகப்பட்ட கவசக் கெளுத்தியை மீண்டும் நீரில் விடற்க. உயிரோடு கரையிலும் எறியற்க, அது ஊர்ந்து நீருக்குத் திரும்பக்கூடும். கொன்று, நீருக்கு எட்டத்தில் ஆழக் குழியில் புதைக்க. ஆலைக் கழிவும் சாக்கடையும் கலவாத ஏரியாயின் தென்னையடியில் புதைத்தால் உரமாகும்.

5. தேதியும் இடமும் குறித்து, முடிந்தால் படமும் எடுத்து, மீன்வளத் துறை அலுவலகத்துக்குத் தெரிவிக்க.

6. கோடையில் நீர் வற்றும்போது கரையைச் சுற்றி வந்து வளைகளைப் பார்த்து மண்ணிட்டு இறுக்குக. இது ஒருவர் வேலையன்று. சங்கமாகச் செய்ய வேண்டிய வேலை.

இதில் ஓர் எச்சரிக்கை: மீசை கண்ட மீனையெல்லாம் அந்நியம் என்று கொன்றுவிடலாகாது. தேளியும் மசறையும் நாட்டுக் கெளுத்தியும் நம் ஏரியின் பழங்குடிகள். கவசம் உண்டா, வாய் அடியில் உள்ளதா என்ற இரு கேள்விகளைக் கேட்டபின்னரே முடிவு செய்க.

முள் குத்தினால்

தேளி, இருங்கெளுத்தி முதலியவற்றின் முள் குத்தினால், ஒடிந்த துண்டு மேலாகத் தெரியுமாயின் மெல்ல எடுத்துவிட்டு, குத்திய இடத்தைப் பொறுக்கத்தக்க சூடுள்ள வெந்நீரில் அரைமணி முதல் ஒன்றரை மணி நேரம் வரை வைத்திருக்க. அந்நஞ்சு சூட்டில் வலிமை இழக்கும், வலி தணியும். நீரின் சூட்டைக் குத்துப்படாத கையால் சோதித்துக் கொள்க. குத்துப்பட்ட கைக்குச் சூடு சரியாகத் தெரியாது. பின்னர் மருத்துவரிடம் சென்று புண்ணைக் காட்டி, தசைவிறைப்பு நோய்த் தடுப்பூசியும் போட்டுக்கொள்க.

சங்கக் கூட்டத்தில் ஆராய்வதற்கான வினாக்கள்

நம் ஊர் ஏரியின் நீர் எந்த ஏரியிலிருந்து வருகிறது? வழிந்தால் எந்த ஏரிக்குச் செல்கிறது? சென்ற ஆண்டு வலையில் விழுந்த மீன்களுள் கவசமுடையது உண்டா? அங்கத்தினர் வீடுகளில் எத்தனை தொட்டிகளில் இம்மீன் வளர்கிறது? வளர்ந்து பெரிதானால் அதை யாரிடம் ஒப்படைப்பது?

இவ்வினாக்களுக்கு ஊர்தோறும் விடை எழுதி வைத்தால், அடுத்த பருவமழைக்கு முன்பே நம் கடமை இன்னதென்று தெளிவாகும். ஏரி ஒருவருடைய சொத்து அன்று. அதன் காவலும் ஒருவர் பொறுப்பு அன்று.