சைக்கிளுக்கு வழி சொல்லும் செல்போன்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

கிழக்குக் கடற்கரைச் சாலையில் விடிகாலையில் மாமல்லபுரம் நோக்கி மிதிப்பவர்களைக் கவனித்தால், ஹேண்டில்பாரில் செல்போன் மாட்டிய சைக்கிள்கள் நிறையவே கண்ணில் படும். வழி தெரியாத ஊருக்கும் துணிந்து கிளம்ப வைத்ததில் அந்தக் கருவிக்குப் பெரும் பங்கு உண்டு. ஆனால் அதைப் பற்றி வாய்வழியாகப் பரவியிருக்கும் சில நம்பிக்கைகள் தவறானவை. சில வீண் செலவு வைக்கும், சில எலும்பை முறிக்கும்.

'டேட்டா தீர்ந்தால் மேப்பும் போச்சு' என்பது முதல் நம்பிக்கை. உண்மையில் ஜிபிஎஸ்ஸுக்கு டேட்டாவும் வேண்டாம், சிம் கார்டும் வேண்டாம். ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்கள் அனுப்பும் சிக்னலைப் போன் வாங்கிக்கொள்கிறது, அவ்வளவுதான். திருப்பி எதையும் அனுப்புவதில்லை. முதல்முறை இடத்தைச் சட்டென்று கண்டுபிடிக்கவும், வரைபடத்தை இறக்கவும், நெரிசல் விவரம் அறியவும்தான் டேட்டா தேவை. எனவே வீட்டிலேயே வரைபடத்தை இறக்கி வைத்துக்கொண்டால் மலைப்பாதையில் மொபைல் சிக்னல் போனாலும் கவலையில்லை.

இதில் ஒரு சிக்கல் இருப்பது பலருக்குத் தெரியாது. கூகுள் மேப்ஸில் இறக்கி வைத்த வரைபடம், டேட்டா இல்லாதபோது வண்டி ஓட்டுவோருக்கு மட்டுமே வழி சொல்லும். நடப்பவர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்கும் சொல்லாது. அதற்கு ஆர்கானிக் மேப்ஸ், ஆஸ்மேண்ட் போன்ற செயலிகள் இருக்கின்றன. தன்னார்வலர்கள் 2004 முதல் வரைந்துவரும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பை வைத்து இயங்குபவை அவை. சைக்கிளுக்கான பாதையைப் போனுக்குள்ளேயே கணக்கிட்டுக்கொள்ளும்.

'டூவீலர் என்று போட்டால் போதும், சைக்கிளும் இரண்டு சக்கரம்தானே?' இதுதான் என்னை அதிகம் கவலைப்பட வைக்கும் நம்பிக்கை. கூகுள் மேப்ஸ் 2017 டிசம்பரில் இந்தியாவில் கொண்டுவந்த அந்த வசதி மோட்டார் சைக்கிளுக்கும் ஸ்கூட்டருக்குமானது. ஏற்றம் எவ்வளவு என்பது இன்ஜினுக்குப் பெரிய விஷயமில்லை, தொடைக்கு அதுதான் எல்லாமே. மசினகுடியிலிருந்து ஊட்டிக்குக் கல்லட்டி வழியாகப் போனால் தூரம் சுமார் 30 கிலோமீட்டர்தான். கூடலூர் சுற்றிப் போவதோடு ஒப்பிட்டால் மிகக் குறைவு. ஆனால் அந்தக் குறுக்கு வழியில் 36 கொண்டை ஊசி வளைவுகள், நெஞ்சடைக்கும் செங்குத்து. இறங்கும்போது இன்னும் மோசம், பிரேக்கைப் பிடித்துப் பிடித்தே கை மரத்துப்போகும். தூரத்தையும் நேரத்தையும் மட்டும் பார்த்துப் பாதையைத் தேர்ந்தால் இப்படித்தான் மாட்டிக்கொள்ள நேரும். செயலி ஏற்ற இறக்கக் கோட்டைக் காட்டினால் முந்தைய இரவே அதைப் பாருங்கள்.

நீலப் புள்ளி காட்டுகிற இடத்திலேயே நாம் இருக்கிறோம் என்பதும் முழு உண்மையில்லை. திறந்த வானத்தின் கீழேயே ஏறத்தாழ ஐந்து மீட்டர் வரை அது தள்ளிக் காட்டலாம். உயரமான கட்டடங்களுக்கு நடுவே சிக்னல் சுவரில் பட்டுத் திரும்புவதால் பிழை கூடும். பிரதான சாலையா சர்வீஸ் ரோடா, சென்னையின் கத்திப்பாரா பாலத்தின் மேலா கீழா என்று போன் தடுமாறுவது இதனால்தான். நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போது அம்பு தலைகீழாகக் காட்டினாலும் பதற வேண்டாம். அப்போது அது திசைகாட்டியை நம்பியிருக்கிறது. காந்தம் வைத்த ஸ்டாண்டில் மாட்டியிருந்தால் திசைகாட்டி குழம்பும். கொஞ்சம் நகர்ந்ததும், நகரும் பாதையை வைத்தே திசையைச் சரிசெய்துகொள்ளும்.

பேட்டரி விரைவாகத் தீர்வதற்கு ஜிபிஎஸ்ஸைத் திட்டுகிறோம். பெரும்பங்கு தின்பது, வெயிலில் தெரியட்டும் என்று முழு வெளிச்சத்தில் எரியவிடும் திரைதான். அந்த வெயிலே போனுக்கும் ஆகாது. ஐபோனைப் பயன்படுத்தச் சுற்றுப்புற வெப்பம் 35 டிகிரிக்குள் இருக்க வேண்டும் என்கிறது ஆப்பிள். சென்னையின் மே மாதம் அதைச் சர்வசாதாரணமாகத் தாண்டும். அதிக சக்தியுள்ள மோட்டார் சைக்கிள் இன்ஜின்களின் அதிர்வு கேமராவைப் பழுதாக்கலாம் என்றும் 2021-இல் அதே நிறுவனம் எச்சரித்தது. சைக்கிளில் இன்ஜின் இல்லை, உண்மைதான். ஆனாலும் கற்கள் பெயர்ந்த சாலையில் விலையுயர்ந்த போனை ஹேண்டில்பாரில் குலுங்கவிட நான் சொல்லமாட்டேன்.

'கையில் பிடித்தால்தான் தப்பு, கண்ணெதிரே மாட்டியிருந்தால் ஆபத்தில்லை' என்பவர்களுக்கு ஒரு சின்னக் கணக்கு. மணிக்கு 20 கிலோமீட்டரில் போகும் சைக்கிள், இரண்டு விநாடி திரையைப் பார்ப்பதற்குள் 11 மீட்டர் ஓடிவிடும். நம் சாலைகளில் அந்த 11 மீட்டருக்குள் ஒரு குழியும், திடீரென்று திறக்கும் கார் கதவும், குறுக்கே ஓடும் நாயும் அடங்கும். வழி பார்க்கப் போனைப் பயன்படுத்தலாம் என்று 2020 அக்டோபரில் மத்திய மோட்டார் வாகன விதிகள் அனுமதித்ததைச் சிலர் மேற்கோள் காட்டுவார்கள். கவனம் சிதறக் கூடாது என்ற நிபந்தனை அதிலேயே இருக்கிறது, தவிர அது மோட்டார் வாகன ஓட்டிகளுக்கானது. சைக்கிள் நாடான நெதர்லாந்து, ஓட்டும்போது போனைக் கையில் பிடிப்பதை 2019 ஜூலையிலேயே தடைசெய்தது. ஜப்பானில் அதே தவறுக்கு 2024 நவம்பரிலிருந்து ஆறு மாதம் வரை சிறை அல்லது ஒரு லட்சம் யென் வரை அபராதம்.

கண்ணுக்குப் பதில் காதை நம்புங்கள். திரையை அணைத்த பிறகும் கூகுள் மேப்ஸ் தமிழிலேயே திருப்பங்களைச் சொல்லும். போனைச் சட்டைப் பையில் வைத்து ஒலியைக் கூட்டினால் போதும். இரண்டு காதிலும் இயர்போனை அடைத்துக்கொண்டால் பின்னால் வரும் பேருந்து கேட்காது. குரல் சொன்னது புரியவில்லையா, ஓரங்கட்டி, காலை ஊன்றி நின்று திரையைப் பாருங்கள். ஒரு திருப்பத்தைத் தவறவிட்டால் அடுத்த திருப்பத்திலிருந்து செயலியே மாற்று வழி கணக்கிட்டுத் தரும்.