பழைய வண்டியை யாரிடம் கொடுப்பது?

படிப்பு முடிந்து வேலைக்குச் செல்லும் நம் மாணவர் பலருக்கு ஒரு கேள்வி எழுவது இயல்பு. மைசூரில் ஓட்டிய ஸ்கூட்டரையோ காரையோ ஷோரூமில் எக்ஸ்சேஞ்சுக்குக் கொடுத்துப் புதியது வாங்குவதா? அல்லது ஆள் தேடி நேரே விற்பதா? எதில் பணம் அதிகம் என்று மட்டுமே பலரும் பார்க்கின்றனர். அது பாதிக் கணக்கே. மீதிப் பாதி ஆர்.சி. புத்தகத்தில் இருக்கிறது.

முதலில் பணத்தைப் பார்ப்போம். ஷோரூமில் குறைத்துத்தான் கேட்பார்கள். காரணம் உண்டு. வண்டியைப் பழுதுபார்க்க வேண்டும். விலைபோகும்வரை வைத்திருக்க வேண்டும். வாங்கிய விலைக்கும் விற்ற விலைக்கும் உள்ள வித்தியாசத்தின்மேல், 2025 ஜனவரியில் 18 சதவீதமாக்கப்பட்ட ஜி.எஸ்.டி. கட்ட வேண்டும். பிறகு லாபமும் வேண்டுமல்லவா?

ஒரு ஸ்கூட்டருக்கு ஷோரூமில் 38,000 ரூபாயும், நேரே விற்றால் 46,000 ரூபாயும் கிடைப்பதாக வைத்துக்கொள்வோம். ஷோரூமில் எக்ஸ்சேஞ்ச் போனஸ் 3,000 தருவதாகச் சொன்னால் வித்தியாசம் 5,000. ஆனால் பழைய வண்டி கொடுக்காவிட்டால் புதியது என்ன விலை என்று தனியே கேளுங்கள். அதே 3,000 அப்போதும் குறையுமானால் வித்தியாசம் 8,000 தான்!

சில வண்டிகளுக்கு இந்த இடைவெளி இன்னும் பெரிது. 1961 முதல் 1996 வரை இம்மைசூரிலேயே இயங்கிய தொழிற்சாலையில் உருவான ஜாவா, யெஸ்டி மோட்டார் சைக்கிள்களை எண்ணிப் பாருங்கள். வயதைப் பார்த்து விலை போடுவோருக்கு அவை பழைய இரும்பு; தேடி அலையும் அன்பருக்கோ பொக்கிஷம். அவற்றை நேரே விற்பதே முறை.

இனி மீதிப் பாதி. 2018இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த வழக்கு ஒன்று உண்டு. ஒருவர் தம் காரை 2007இல் விற்றார். அது பல கை மாறிற்று. 2009இல் அக்கார் மோதி ஒரு சிறுவன் இறந்தான். பதிவேட்டில் இருந்ததோ முதலில் விற்றவர் பெயர்! இழப்பீட்டுக்கு அவரே பொறுப்பு என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

ஆகவே நேரே விற்பவர் 14 நாட்களுக்குள் படிவம் 29 மூலம் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கு அறிவிக்க வேண்டும். வாங்குபவர் 30 நாட்களுக்குள் படிவம் 30 கொடுக்க வேண்டும். தமிழ்நாட்டுப் பதிவெண் கொண்ட வண்டியைக் கர்நாடகத்தில் பதிவு செய்ய வாங்குவாராயின், முதலில் பதிவு செய்த அலுவலகத்தில் படிவம் 28 கொடுத்துத் தடையில்லாச் சான்று பெற வேண்டும். நம்மவருக்கு இதுவே பெரிய வேலை. தேர்வு முடிந்த மறுநாள் ரயிலேறுவோரால் ஆகாது.

எக்ஸ்சேஞ்சிலும் பெயர் தானே மாறிவிடாது. 2023 ஏப்ரல் முதல் உள்ள விதிப்படி, அங்கீகாரச் சான்று பெற்ற வியாபாரியிடம் வண்டியை ஒப்படைத்துப் படிவம் 29சி மூலம் அறிவித்துவிட்டால், அதன்பின் பொறுப்பு அவருடையது. அந்தச் சான்று அவரிடம் உண்டா என்று முதலில் கேளுங்கள்.

முடிவு இதுதான். கையில் இரண்டு மாத அவகாசமும் அலுவலகத்துக்கு நடக்கப் பொறுமையும் இருந்தால் நேரே விற்பது லாபம். அவகாசம் இல்லையேல், சான்று பெற்ற வியாபாரியிடம் சில ஆயிரம் குறைத்துக் கொடுப்பதும் நஷ்டமன்று. எவ்வழியாயினும், அறிவிப்பின் நகல் கைக்கு வரும்வரை சாவியைக் கொடாதீர்கள்!