பலகை விளக்குகள் பகர்வன

கணினியின் விசையை அழுத்தியவுடன் திரையில் எழுத்துத் தோன்றிவிடுவதில்லை. அதற்குமுன் அப்பொறி தன் உறுப்புகளைத் தானே சோதித்துக்கொள்கின்றது. 1981ஆம் ஆண்டு வெளிவந்த ஐ.பி.எம். கணினி, சோதனை இனிது முடிந்ததை ஒரு சிற்றொலியால் அறிவித்தது. இக்காலத்துத் தாய்ப்பலகைகள் பலவற்றில் அப்பணியை நான்கு சிறு விளக்குகள் செய்கின்றன.

அவற்றினருகே சி.பி.யூ., டிரேம், வி.ஜி.ஏ., பூட் என்னும் பெயர்கள் பொறிக்கப்பட்டிருக்கும். அவை முறையே செயலகம், நினைவகம், காட்சியுறுப்பு, இயக்க முறைமையைத் தாங்கிய சேமிப்பகம் ஆகியவற்றைக் குறிப்பன. ஓர் உறுப்பின் சோதனை நிகழுங்கால் அதன் விளக்கு ஒளிரும், தேறியபின் அணையும். விளக்கு எரிதலை நலத்தின் குறியாகக் கொள்வது நம் வழக்கம். ஈண்டோ அணைதலே நலமாம். அணையாது நிற்பின் தடை அவ்விடத்தது என்று அறிக.

புகைகண்டு நெருப்புண்டெனத் துணிதலை அனுமானம் என்பர் அளவை நூலார். ஆயினும், அந்நெருப்பு எதனால் மூண்டதென்று புகை உரையாது. அதுபோல, இவ்விளக்கும் இடத்தைக் காட்டுமேயன்றிக் காரணத்தைக் காட்டாது. நினைவக விளக்கு நின்று எரியின், அவ்வுறுப்புப் பழுதுற்றதென்று உடனே எறிந்துவிடலாகாது. புதிய டி.டி.ஆர்.5 நினைவகம் முதன்முறை தன்னை ஒழுங்குசெய்துகொள்ளச் சில நிமிடங்கள் ஆதலும் உண்டு. ஆதலின் முதற்கண் பொறுத்தல் வேண்டும். பின்னர் மின்னிணைப்பை நீக்கி, நினைவகத் தகட்டைக் கழற்றி மீண்டும் அழுந்தப் பொருத்துக. தகடுகள் இரண்டாயின், ஒவ்வொன்றாக இட்டு நோக்குக. அதன்பின்னும் விளக்கு அணையாதாயின், தகட்டையோ அது பொருந்தும் இடத்தையோ ஐயுறலாம்.

மாணவர்களே! குறியைக் கண்டவளவில் முடிவுகட்டுவோன் நற்பொருளையும் எறிவான். குறியிலிருந்து தொடங்கி ஆராய்வோனே உண்மைக் காரணத்தைக் காண்பான்.